பத்துத் துளைகளும் பதினேழு கம்பெனிகளும்

ஒரு பொருளை வாங்குவதற்கு முன்பே அதில் முனைவர் பட்டம் வாங்கிவிடுகிற இனம் ஒன்று நம்மிடையே உலவுகிறது. பார்த்திருப்பீர்கள். குடை வாங்கப் போனால் கம்பிகளை எண்ணும். எண்ணி முடிப்பதற்குள் மழைக்காலம் போய்விடும்.

இந்த இனத்தின் அசல் மாதிரி ஒருவர் நில அளவை அலுவலகத்தில் வரைபடம் வரைகிறார். சக ஊழியர்கள் அவருக்கு வைத்த பெயர் 'விசாரணைக் கமிஷன்'. நாமும் கமிஷன் என்றே சொல்வோம். ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கும் அவருடைய மனைவிக்கு ஓராண்டுப் பயிற்சிக்காக வெளியூர் போக உத்தரவு வந்தது. பெட்டியைப் பரணிலிருந்து இறக்கும்போது அவர் ஒன்றே ஒன்று கேட்டார்.

"ஏங்க, கல்யாணத்துக்கு முன்னாடி யார்கிட்டயோ மவுத் ஆர்கன் இரவல் வாங்கி எனக்கு ஒரு பாட்டு வாசிச்சீங்களே, நான் கிளம்புறதுக்குள்ள அதை இன்னொரு தடவை வாசிங்க."

மூன்று வாரம் இருந்தது. கமிஷனுக்கு நிஜமாகவே கண் கலங்கிவிட்டது. துடைத்துக்கொண்டு, அளவுகோலை எடுத்து, ஒரு பெரிய தாளில் கட்டம் போட ஆரம்பித்தார்.

பதினேழு கம்பெனிகள். ஒவ்வொன்றுக்கும் விலை, எடை, உள்சட்டம் மரமா பிளாஸ்டிக்கா, தகடு ஆணியில் நிற்கிறதா திருகிலா, ஜெர்மன்காரன் செய்தானா ஜப்பான்காரன் செய்தானா, வாங்கியவர்களில் எத்தனை பேர் திட்டியிருக்கிறார்கள், திட்டியவர்களுக்கு வாசிக்கத் தெரியுமா! விலை குறைவென்றால் ஏமாற்று வேலை. அதிகமென்றால் பெயருக்குப் பிடுங்கும் காசு. நடுத்தரமென்றால்? இரண்டு குறையும் அதில் சேர்ந்தே இருக்குமாம்.

கடைக்கும் போனார், ஒன்பது தடவை. அங்கே வாயில் வைத்துப் பார்க்க விடமாட்டார்கள்; ஒரு சின்னத் துருத்தியில் பொருத்தி அமுக்கிக் காட்டுவார்கள். கமிஷன் காதைச் சாய்த்துக் கேட்டு, தலையாட்டி, பழையபடி முதலிலிருந்து அமுக்கச் சொன்னார்.

"துருத்திக்கே மூச்சு வாங்குது சார்," என்றார் கடைக்காரர். "அப்படி என்ன பாட்டு வாசிக்கப் போறீங்க?"

"பாட்டு கிடக்கட்டும். மொதல்ல கம்பெனி முடிவாகட்டும்."

முடிவாகி, பார்சல் வந்தது. மனைவி கிளம்பும் நாள் காலையில். பெட்டியைப் பூட்டிவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்து அவர் காத்திருந்தார். கமிஷன் கை கழுவி, உறை பிரித்து, ஊதாமல் குறிப்புத் தாளைப் படித்தார். முகம் மலர்ந்தது.

"மரச் சட்டம் பாரு, பழக்கணும். மொதல் வாரம் தினம் அஞ்சு நிமிஷம், மெதுவா, ஒவ்வொரு துளையா. பாட்டெல்லாம் ரெண்டாவது வாரம்தான்."

"ரெண்டாவது வாரம் நான் எங்க இருப்பேன்?"

"அதுக்காக நல்ல பொருளைக் கெடுத்துக்க முடியுமா?"

சொல்லிவிட்டு முதல் துளையை ஊதினார். பிறகு இரண்டாவது. காதலித்துக் கைப்பிடித்த மனைவி கடிகாரத்தைப் பார்த்தபடி பத்துத் துளைகளையும் வரிசையாகக் கேட்டு முடித்தார்.

பேருந்து நிலையத்திலும் அந்த அம்மாள் விடவில்லை. ஜன்னல் வழியாக ஒரு சிவப்பு மவுத் ஆர்கனை நீட்டினார்.

"பொம்மைக் கடையில வாங்கினேன். கெட்டா கெட்டுட்டுப் போகுது. ரெண்டு வரி வாசிங்க."

கமிஷன் கை நீட்டினார். வாங்கினார், உதடு வரை கொண்டுபோனார். அவ்வளவு தூரம் போன கை பழக்க தோஷத்தில் அதைத் திருப்பியது. கம்பெனி பெயரைக் காணோம். மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அடிப்பக்கம் பார்த்தார், ஓரம் பார்த்தார்.

அன்று அங்கே ஒழுங்காக ஊதப்பட்டது ஒன்றுதான்: கண்டக்டரின் விசில். பேருந்து போய்விட்டது.

பாவம் அந்த அம்மாள் என்கிறீர்கள். சரிதான். ஆனாலும், பதினேழில் கமிஷன் கடைசியாக எதை வாங்கினார் என்று நான் சொல்லவே இல்லையே என்று உங்களுக்குள் ஒரு குறுகுறுப்பு இருக்கிறதா? விலையும் தெரிந்தால் தேவலை என்று தோன்றுகிறதா?

உங்கள் வீட்டில் யாராவது எதற்காகவாவது காத்திருக்கிறார்களா என்று முதலில் போய்ப் பாருங்கள்.