மாமனார் தலையில் என் பேர்

எப்படியாவது என் மாமனாரை என் பேருக்குக் கீழே கொண்டுவந்து நிறுத்திவிடுவது என்று இரண்டாயிரத்து ஆறாம் வருசம் தீர்மானம் எடுத்தேன்.

காரணம் இருக்கிறது. நான் கஹவத்தையிலிருந்து யட்டியாந்தோட்டைப் பக்கம் வீட்டோடு மாப்பிள்ளையாக வந்தவன். வந்த நாள் தொட்டு மாமனார் சங்கிலிமுத்துக் கங்காணி என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. "அந்த ஆளு சாப்பிட்டுச்சா?" என்று கேட்பார், அவருக்கு எதிரிலேயே நான் சோறு பிசைந்துகொண்டிருக்கும்போது. கலியாணப் பந்தியில் எனக்கு மட்டும் அப்பளம் வராததே இன்னும் என் நெஞ்சில் இருக்கிறது. இதை விடுவேனா?

அந்த வருசம், மாமனார் கங்காணியாக இருந்த தோட்டத்தில் எங்களுக்குத் தனி வீடு கிடைத்தது. வாசலில் குடும்பப் பேர் எழுதிய தகடு அடிப்பார்களாம். தோட்டத்து ஆபீசுக்குப் புதிதாக வந்த கம்பியூட்டரில் றிஸ்மி கிளாக்கர் பேர்களைப் பதிந்துகொண்டிருந்தார். அந்தப் பெட்டிக்கு ஒரு பிடிவாதம். ஆளின் பேரை இரண்டாகப் பிளந்து, இரண்டு கட்டத்தில் போட்டால்தான் நகரும். பின்கட்டத்தில் விழுவதுதான் குடும்பப் பேர். வீட்டில் எல்லாருக்கும் அதே பேர்.

எங்கள் ஆட்களுக்குக் குடும்பப் பேர் ஏது? அப்பன் பேர் முன்னால், சொந்தப் பேர் பின்னால். அவ்வளவுதான். காவலுக்கு இருக்கிற சிங்களவர் வாச்சர் பண்டாவின் நீண்ட வம்சப் பேரோ முன்னால் வருகிறது, பாதியிலேயே கட்டம் நிரம்பிவிட்டது. கிளாக்கருக்கே சங்கடம்.

"முகம்மது றிஸ்மி எண்டு அடிச்சேன். இப்ப என்ட வாப்பாக்கும் குடும்பப் பேர் றிஸ்மி எண்டு காட்டுது" என்று தலையில் கை வைத்தார்.

எனக்குப் பொறி தட்டியது. மகன் பேர் அப்பன் தலையில் ஏறுமென்றால், மருமகன் பேர் மாமனார் தலையில் ஏறாதா? என் முழுப்பேர் கருப்பண்ணன் மாரிக்கண்ணு. பிளந்தால் பின்கட்டத்தில் மாரிக்கண்ணு. எங்களோடு இருக்கிற கிழவர் அன்றிலிருந்து சங்கிலிமுத்து மாரிக்கண்ணு. அந்த மெஷினைச் செய்தவனுக்கு மனசுக்குள் ஒரு சலாம் போட்டேன்.

ஒரே ஒரு சிக்கல். நான் தோட்டத்துக்கு வெளியில் ரப்பர் பால் வெட்டுகிறவன். தோட்டத்து வேலைக்காரர் பதிவில் பேர் உள்ளவள் என் மனைவி வெள்ளையம்மாதான். அவள் போய்த்தான் பதியவேண்டும்.

"பின்கட்டத்துக்கு என் பேரச் சொல்லு" என்றேன்.

அவள் காதைப் பொத்திக்கொண்டாள். "உங்க பேர நான் எப்படிங்க வாயால சொல்றது? உங்க ஆயுசு கொறஞ்சிருமே."

எனக்குப் புல்லரித்தது. முப்பது வருசம் ஒரு நாள்கூட என் பேரைச் சொல்லாதவள். இந்தக் காலத்தில் யாருக்கு வாய்க்கும் இப்படி ஒருத்தி? உன் வாயால் வேண்டாம் தாயே, அடுத்த வீட்டு பிரேமலதாவைக் கூட்டிப் போ, அவள் சொல்லட்டும் என்றேன். சரிங்க என்று தலையாட்டினாள்.

தகடு வந்தது. மேலே பெரிதாக 'சங்கிலிமுத்து குடும்பம்'. கீழே வெள்ளையம்மா சங்கிலிமுத்து. மாமனாருக்கு முன்னும் அவரே, பின்னும் அவரே: சங்கிலிமுத்து சங்கிலிமுத்து. கடைசியில் நான், மாரிக்கண்ணு சங்கிலிமுத்து.

கிழவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வாசித்தார். பிறகு முதல் தடவையாக என்னைக் கூப்பிட்டார். "மாரிக்கண்ணு சங்கிலிமுத்து, சாப்பிட்டியாப்பா? இப்பதான் உன் பேரு கூப்புடுற மாதிரி இருக்கு."

நான் வெள்ளையம்மாவைப் பார்த்தேன். அவள் பணிவாகத் தரையைப் பார்த்தாள். "குடும்பத்துக்குப் பெரியவங்க பேருதானேங்க வைக்கணும். அப்பாவும் உங்களப் பேர் சொல்லிக் கூப்பிட்டுட்டாரு. ரெண்டு பேரு கொறையும் தீந்துச்சு."

கோபப்படத்தான் நினைத்தேன். ஆனால் ஒரே கட்டத்தில் இரண்டு கிழவர்களை அடக்கியவளை என்ன சொல்வது? கோபத்தையெல்லாம் பிரேமலதா பக்கம் திருப்பினேன். பின்கட்டத்துக்கு என் பேரைச் சொல்லத்தானே உன்னை அனுப்பினேன் என்று பிடித்துக்கொண்டேன்.

"நான் வாயத் தொறக்குறதுக்குள்ள அக்காவே மாரிக்கண்ணு முன்கட்டத்துக்குன்னு சொல்லிட்டாங்கண்ணே."

"அவளா? என் பேரையா? என் ஆயுசு என்னத்துக்கு ஆவுறது?"

பிரேமலதா என்னை மேலும் கீழும் பார்த்தாள். "தெனமும் தண்ணி புடிக்கிற பீலிக்கரையில உங்க பேரச் சொல்லித்தானே அக்கா திட்டுறாங்க. நல்லாத்தானே இருக்கீங்க?"