ஒரு பொத்தானும் என் கறுப்பு கோட்டும்

டெக்சாஸ் மாநிலத்தில் அன்றைக்கு இருந்த அத்தனை தமிழர்களிலும், ஒரு சட்டைப் பொத்தானைப் படம் எடுப்பதற்காக மாடி வீட்டுக்காரரை அரை மணி நேரம் அசையாமல் உட்காரவைத்த மனிதர் பட்டாளம் ஒருவர்தான்.

பட்டாளம் என்பது நாங்கள் வைத்த பெயர். ராணுவத்துக்கும் அவருக்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது. ஹூஸ்டனை ஒட்டிய கேட்டி என்ற ஊரில், ஓர் எண்ணெய்க் கம்பெனியில் குழாய் டிசைன் செய்யும் வேலை. பக்கத்து வீட்டு நாய் குரைத்தால் காரை விட்டே இறங்க மாட்டார். ஆனால் சனிக்கிழமை வந்தால் பழைய சாமான் சந்தைகளைச் சல்லடை போட்டுச் சலித்து, அந்தக் காலத்துச் சிப்பாய்களின் பொத்தான், தொப்பி வில்லை, மெடல் என்று பொறுக்கிக்கொண்டு வருவார்.

இதில் உனக்கென்ன வயிற்றெரிச்சல் என்று கேட்பீர்கள். பட்டாளம் கேமராவைக் கையில் எடுக்கும்வரை எங்கள் தமிழ்ச் சங்கத்தில் போட்டோகிராபர் என்றால் நான்தான். காது குத்தலோ, கிரகப்பிரவேசமோ, "அங்கிள் வந்தாச்சா?" என்று கேட்டுவிட்டுத்தான் குத்துவிளக்கையே ஏற்றுவார்கள். என்னிடம் புத்தம்புது கேமரா, முழங்கை நீளத்துக்கு லென்ஸ், பார்த்தவர் கண் கூசி நாற்காலியைத் தேடும் ஃபிளாஷ். பட்டாளமோ அடகுக் கடையில் ஒரு பழைய கேமராவை வாங்கி, தன் பொத்தான்களைப் படம் பிடித்து, ஆல்பமாகப் பொங்கல் விழாவுக்குக் கொண்டுவந்தார். கட்டைவிரல் நகம் அளவுப் பொத்தானில் பொறித்த கழுகின் இறகுகளை ஒவ்வொன்றாக எண்ணலாம். ஜனம் சாப்பாட்டு வரிசையை விட்டுவிட்டு ஆல்பத்தைச் சுற்றி நின்றது.

என் மனைவியாவது சும்மா இருந்திருக்கலாம். "ஏங்க, உங்க கேமராவுல இந்த மாதிரி வராதா?" என்றாள். அன்றைக்குச் சர்க்கரைப் பொங்கல் எனக்கு இறங்கவில்லை.

இதில் பெரிய அக்கிரமம், மனிதர் எதையுமே மறைக்கவில்லை. கேட்டவருக்கெல்லாம் சொன்னார்.

"ரொம்ப சிம்பிள் சார். ஃபிளாஷை மறந்துடுங்க. ஜன்னல் பக்கத்துல டேபிளைப் போட்டு சைடுல இருந்து லைட் வாங்குங்க. லென்ஸ் துவாரத்தை நல்லாச் சின்னதாக்கி எஃப் பதினாறுல வைங்க. இவ்வளவு கிட்டக்கப் போறோம் இல்லையா, அதைவிடத் தொறந்தா கழுகோட மூக்கு ஷார்ப்பா இருக்கும், வால் கலங்கிடும். லைட் கம்மியாப் போகும், அதனால ரெண்டு செகண்ட் ஷட்டர் தொறந்திருக்கணும். அந்த ரெண்டு செகண்ட் ஒண்ணும் அசையக் கூடாது. அவ்வளவுதான்."

நான் நம்பவில்லை. சாம்பார்ப் பொடிக்கு அளவு சொல்கிறவர்கள் ஒரு சாமானை மட்டும் விழுங்கிவிட்டுச் சொல்வார்களே, அப்படித்தான் என்று நினைத்தேன். வேவு பார்க்க ஒரு நாள் அவர் அபார்ட்மென்டுக்கே போனேன்.

பிளாஸ்டிக் குழாய்களால் ஒரு கூண்டு. அதன்மேல் அவருடைய கல்யாண வேட்டி. உள்ளே ராஜா மாதிரி ஒரு பொத்தான். ஜன்னல் வெயில் வேட்டி வழியாக வடிகட்டி இறங்கியது. ஏ.சி. ஆஃப். ஃப்ரிட்ஜும் ஆஃப், அது உறுமினால் மேஜை அதிருமாம். மாடி வீட்டு அமெரிக்கர் பூட்ஸ் காலோடு நடக்கிறவர். அவருக்கு ஒரு தட்டு முறுக்கைக் கொடுத்து, உட்கார்ந்து நிதானமாகத் தின்னச் சொல்லிவிட்டு வந்திருந்தார். ஹூஸ்டன் புழுக்கத்தில் நான் உருகிக்கொண்டிருந்தேன்.

"சார், மூச்சு விடாதீங்க!"

"எவ்வளவு நேரம்?"

"பேசிட்டீங்க. மறுபடி எடுக்கணும்."

அந்த வருஷம் தீபாவளி விழாவுக்குச் சங்கத்தில் போட்டோ போட்டி அறிவித்தார்கள். அவருடைய பொத்தானிலேயே அவரைத் தோற்கடிப்பது என்று முடிவு செய்தேன். கூச்சமில்லாமல் போய் ஒரு பொத்தானை இரவல் கேட்டேன். மூன்று வருஷம் தேடிப் பிடித்த, அமெரிக்க உள்நாட்டுப் போர்க் காலத்துப் பித்தளைப் பொத்தானை எடுத்து என் கையில் வைத்தார். "இருக்கறதுலயே இதுதான் சார் பெஸ்ட்." தர மாட்டேன் என்றிருந்தால் நிம்மதியாகப் பொறாமைப்பட்டிருப்பேன்.

பொத்தான் கறுத்துக் கிடந்தது. வீட்டில் விளக்கு கறுத்தால் நாம் என்ன செய்வோம்? ஹில்கிராஃப்ட் தெரு இந்தியக் கடையில் வாங்கிய புளியை ஊறவைத்து, பல் பிரஷ்ஷால் தேய் தேய் என்று தேய்த்தேன். கடைசியில் விபூதி போட்டு ஒரு துடைப்பு. பொத்தான் தகதகவென்று ஜொலித்தது. ஒரு ஃபிலிம் ரோல் முழுக்க எடுத்தேன். ஃபிளாஷ் போட்ட படங்களில் கழுகு இருந்த இடத்தில் வெள்ளைப் பொட்டு. ஃபிளாஷ் போடாத படங்களில் கழுகின் வயிற்றில் பனியனோடு நான்.

பொத்தானைத் திரும்ப வாங்க வந்த பட்டாளம், அதைப் பார்த்ததும் சோபாவில் உட்கார்ந்துவிட்டார்.

"புளியா சார்?"

"ஆமா. கொஞ்சம் விபூதியும்."

"விபூதியுமா?"

என் மனைவி கொண்டுவந்த காபி ஆறிப்போனது. "அந்தக் கறுப்பு ஏற நூறு வருஷத்துக்கு மேல ஆச்சு சார். அதுதான் இதுக்கு மதிப்பே. தேய்ச்சதை கலெக்டர்ஸ் யாரும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டாங்க," என்றார், ஏதோ தான் தப்புச் செய்துவிட்ட குரலில். பொத்தானைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டு போனார். திட்டியிருந்தால் தேவலை.

போட்டிக்குப் படம் கொடுக்கக் கடைசி நாள் அன்று காலையில் போன் வந்தது.

"சார், ஒரு ஹெல்ப். உங்ககிட்ட கறுப்பு கோட் இருக்கில்ல? போட்டுட்டு வாங்களேன்."

போனேன். வேட்டிக் கூண்டுக்குள் என் புளி போட்ட பொத்தான்.

"இவ்வளவு ஷைனிங்கா இருக்கா, சுத்தி வெள்ளைத் துணின்னா கழுகு மொட்டையாத் தெரியுது. ஒரு ஓரமா கறுப்பு விழுந்தாதான் உருவம் எழும்பும். வேட்டியை ஒரு பக்கம் விலக்கிப் பிடிச்சுக்கிட்டு, நீங்க அந்த இடைவெளில நில்லுங்க. எஃப் இருபத்திரண்டு, நாலு செகண்ட். ரோல்ல இதுதான் கடைசி ஃபிரேம் சார், ஜாக்கிரதை."

ஏ.சி. இல்லாத அறையில், கோட்டுக்குள் வெந்துகொண்டு நின்றேன். வேட்டியின் நுனி என் கையில். சுண்டுவிரலால் ஒரு சுண்டு சுண்டினால் போதும், படம் கலங்கிவிடும். ஃபிலிமைக் கழுவிய பிறகுதான் அவருக்கே தெரியும். போட்டியில் அவர் பெயரே இருக்காது, நான் பழையபடி போட்டோகிராபர்.

'க்ளிக்' என்றது. ஷட்டர் திறந்துகொண்டது. அந்தப் பொத்தானைத் தேய்த்த கைதான் வேட்டியையும் பிடித்திருந்தது. இன்னொரு தரம் அதைக் கெடுக்க எனக்கு மனசு வரவில்லை. கன்னம் உப்ப மூச்சைப் பிடித்துக்கொண்டு நாலு செகண்டும் நின்றேன்.

முதல் பரிசு அவருக்குத்தான். நடுவராக வந்த டாக்டர் மைக்கில், "அந்த ஓரத்துல ஒரு கறுப்புக் கோடு வருது பாருங்க, அதுதான் படத்தையே தூக்கி நிறுத்துது," என்று புகழ்ந்தார். பட்டாளம் உடனே மைக்கை வாங்கி, "அந்தக் கோடு நம்ம சார்தான்," என்று என்னைக் காட்டினார். யாருக்கும் ஒன்றும் புரியவில்லை, ஜோக் என்று நினைத்துக் கைதட்டினார்கள்.

அடுத்து வந்த காது குத்தலுக்கு அவரைத்தான் அழைத்தார்கள். ஒரு வயதுக் குழந்தையைப் பார்த்து, "மூச்சு விடாதே," என்றாராம். அதற்கடுத்த காது குத்தலுக்கு என்னைக் கூப்பிட்டார்கள்.

இரண்டாயிரத்தொன்றில் பட்டாளம் வேலை மாறிக் கலிபோர்னியாவில் இருக்கும் குபெர்டினோவுக்குப் போகும்போது, அந்தப் படத்தை ஃபிரேம் போட்டுக் கொடுத்துவிட்டுப் போனார். இன்றும் என் ஹாலில் இருக்கிறது. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால், கழுகின் சிறகோரத்தில், கறுப்பு கோட்டில் கன்னம் உப்ப ஓர் ஆள் நிற்பது தெரியும். ஊரில் இருப்பவர்களையெல்லாம் படம் எடுத்தவன் நான், என்னை இத்தனை அழகாக எடுத்த படம் அது ஒன்றுதான். பாழாய்ப்போன மனிதர், அதையும் அவரேதான் எடுக்க வேண்டுமா?