தைல டொக்டருக்குப் பதிலாக நான் போன சீனி வகுப்பு

வியாழக்கிழமை காலை, ஆஸ்பத்திரி கிளினிக்கின் பின்பக்க விறாந்தையில் சீனி வருத்தக்காரர்களுக்கு, அதாவது சர்க்கரை நோயாளிகளுக்கு, வகுப்பு. வந்திருந்தவர்கள்: தோட்டத்து அக்காமார் நாலு பேர், பலசரக்குக் கடை நானா, வஹகோட்டையிலிருந்து முதல் பஸ்ஸில் வந்த ஓய்வுபெற்ற தபால்காரர், ரப்பர் சோறும் ரப்பர் மீனும் வைத்துப் பாடம் நடத்தும் நர்ஸ் மிஸ், கடைசி வாங்கில் நான். எனக்குச் சீனி இல்லை. சீனி இருந்தவர் வரவில்லை.

வராதவர் தைல டொக்டர். மாத்தளை மாவட்டத்திலேயே சீனி வருத்தத்தை ஆறு மொழியில் குணப்படுத்தக்கூடிய ஒரே மனிதர் அவர்தான். அவருக்கு இருந்த ஒரே வருத்தமும் அதுதான்.

பலாபத்வலையில், பெரிய ரோட்டோரம், வெளிநாட்டுக்காரருக்கு மிளகும் கறுவாவும் சுற்றிக்காட்டித் தைலம் விற்கும் ஒரு தோட்டத்தில் நாங்கள் வேலை செய்கிறோம். சுற்றிக்காட்டுவது அவர், பில் போடுவது நான். அவர் படித்தது மூன்றாம் வகுப்பு. ஆனால் வேன் வந்து நின்றதும் ஜெர்மன்காரனுக்கு ஜெர்மனில், பிரெஞ்சுக்காரிக்குப் பிரெஞ்சில், கறுவாத் தைலப் போத்தலைத் தூக்கிப்பிடித்து, “மூணே மாசம், சீனி ஓடிரும்” என்பார். அவர்களும் அதை நம்பி சூட்கேசில் இடம் தேடுவார்கள்.

அவருக்குச் சீனி என்று கிளினிக்கில் கண்டுபிடித்துச் சொன்ன அன்று, கிளினிக் கொப்பியை என் பில் புத்தகத்துக்கு அடியில் ஒளித்துவைத்தார்.

“டேய் படிச்சவனே, இது வெளிய தெரிஞ்சா என் பொழப்பு போச்சு. சீனித் தைலம் விக்கிறவனுக்கே சீனின்னா முதலாளி வச்சிருப்பாரா?”

“வகுப்புக்கு வரச்சொல்லி எழுதியிருக்காங்களே அண்ணே?”

“நீ போ. ஒங்க வீட்டுலயே ஏ.எல். பரீட்சை வரைக்கும் படிச்ச மொத ஆளு நீதானே? படிப்பை நீ பாத்துக்க, வருத்தத்தை நான் பாத்துக்கிறேன்.”

இதைவிட அநியாயமான ஒப்பந்தத்தை நான் கேள்விப்பட்டதில்லை. ஆனாலும் போனேன். மனிதருக்குக் கல்யாணம் இல்லை, குடும்பம் இல்லை, தோட்டத்துக்குப் பின்னால் ஒரு அறை மட்டும். நான் போகாவிட்டால் யார் போவது?

நாலு மாதம் படித்தேன். நாற்பது பக்கக் கொப்பி நிறைந்தது. மிஸ் கேள்வி கேட்டால் முதலில் உயர்வது என் கை. “இந்தத் தம்பியப் பாருங்க, எவ்வளவு அக்கறை!” என்று மற்றவர்களுக்கு என்னைக் காட்டுவார். நான் வெட்கத்தில் ரப்பர் மீனைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

பாடம் அவர் அறைக்குப் போய்ச் சேரும்போது என்ன ஆனது என்று கேளுங்கள்.

தட்டில் பாதி மரக்கறி, கால்வாசி சோறு, கால்வாசி மீனோ பருப்போ என்று சொன்னேன். மறுநாள் டவுனுக்குப் போய்க் கல்யாண வீட்டுத் தாம்பாளம் அளவில் ஒரு தட்டு வாங்கிவந்தார்.

“என்ன அண்ணே இது?”

“கால்வாசிதான்டா சோறு. அளந்து பாரு.”

மரக்கறிப் பாதியில் உருளைக்கிழங்கும் பலாக்காயும். “தம்புள்ளை சந்தையில இதெல்லாம் மரக்கறி லொறியிலதானே வருது?”

சீனியை விட்டாரா என்று கேட்டேன். நெஞ்சில் கை வைத்தார். “பிளேன்டியில சீனி போட்டு நாலு மாசமாச்சு. சத்தியமா.” சத்தியம் செய்த கை வலது கை. இடது உள்ளங்கையில் ஒரு துண்டுக் கித்துள் பனைக் கருப்பட்டி இருந்தது. எங்கள் பக்கத்தில் எல்லோரும் அப்படித்தான், கருப்பட்டியைக் கடித்துக்கொண்டு வெறும் தேநீரைக் குடிப்போம். அதைக் காட்டினேன்.

“இது கையில இருக்கு. டீயிலயா இருக்கு? ஏ.எல். படிச்சவனுக்கு இதுகூடத் தெரியாதா?”

அன்றைக்கு நான் மூன்று மைல் கோபத்தோடு நடந்தே வீட்டுக்குப் போனேன்.

இனி அவருடைய கால்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். சீனிக்காரருக்குப் பாதம் மரத்துப்போகும், செருப்பில்லாமல் நடக்கக் கூடாது, தினமும் பாதத்தைப் பார்க்க வேண்டும் என்று மிஸ் ஒவ்வொரு வாரமும் சொன்னார். நானும் ஒவ்வொரு வாரமும் சொன்னேன். ஆனால் எங்கள் முதலாளியின் சட்டம் வேறு. வெறுங்காலோடு நின்றால்தான் நாட்டு வைத்தியர் மாதிரி இருக்குமாம். “செருப்புப் போட்ட வெதமாத்தயாவை எந்த வெள்ளைக்காரன் நம்புவான்?” என்பார், தான் பளபளக்கும் சப்பாத்தோடு நின்றுகொண்டு.

ஒருநாள் ஜெர்மன் கூட்டம் வந்தது. தைல டொக்டர் மும்முரமாகச் சீனியை ஓட்டிக்கொண்டிருக்கும்போது, கண்ணாடி போட்ட ஒரு அம்மா கையை உயர்த்தி அவர் காலைக் காட்டினார். நடைபாதை முழுக்க ரத்தச் சொட்டு. மிளகுக்கொடி ஏறியிருந்த முள்முருக்கின் முள் ஒன்று இடது சுண்டுவிரலில் முழுதாக ஏறியிருந்தது. எப்போது ஏறியதோ, அவருக்குத் தெரியவில்லை. வலிக்கவேயில்லை.

அரை நொடி அவர் முகம் வெளுத்ததை பில் மேசையிலிருந்து நான் பார்த்தேன். அடுத்த நொடி முள்ளைப் பிடுங்கி எறிந்தார், காயத்தில் தைலத்தை ஊற்றினார், ஜெர்மனில் ஏதோ முழங்கினார். தைலம் பட்டதும் வலியே இல்லாமல் ஒரு மனிதன் சிரிக்கிறான்! கூட்டம் கைதட்டியது. பதினாலு போத்தல் விற்றது. அத்தனைக்கும் பில் போட்டவன் நான். இப்போது நினைத்தாலும் என்னையே அறையத் தோன்றுகிறது.

ஒரு கிழமைக்குள் விரல் கறுத்தது. மறைத்தார். வாடை வந்தது. கிராம்புத் தைலம் பூசி அதையும் மறைத்தார். நான் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனேன்.

“எந்திரிங்க அண்ணே, ஆஸ்பத்திரிக்கு.”

“நாளைக்கு மூணு வேன் வருதுடா.”

“கால் இல்லாம எப்படிச் சுத்திக்காட்டுவீங்க? தள்ளுவண்டியிலயா?”

அவர் எழுந்து சட்டையை மாட்டினார். திரீவீலில் ஏறும்போது என் தோளை இறுக்கிப் பிடித்தார்.

நர்ஸ் மிஸ் எங்களைக் கண்டார். “தம்பி, இவரு யாரு?”

“இவருக்காகத்தான் மிஸ் நான் படிச்சேன்.”

“அப்ப ஒங்களுக்குச் சீனி இல்லையா? நாலு மாசமா என்னைப் பைத்தியக்காரி ஆக்கினீங்களா?”

“பையனை ஏசாதீங்க மிஸ்,” என்றார் தைல டொக்டர், பெருந்தன்மையாக. “கெட்டிக்காரன். நல்லாத்தான் படிச்சான்.”

விரலை எடுக்க வேண்டும், இன்னும் தள்ளிப்போட்டால் பாதத்தையே எடுக்க வேண்டும் என்றார்கள். எடுத்த பிறகு மிஸ் வந்து கட்டிலருகே உட்கார்ந்தார். ஏசவில்லை. “டீயோட என்ன கடிப்பீங்க?” என்று மட்டும் கேட்டார். நான் நாலு மாதம் சுற்றிவளைத்ததை அந்த மனுஷி ஒரே கேள்வியில் பிடித்துவிட்டார். தைல டொக்டர் கருப்பட்டியிலிருந்து பலாக்காய் வரை ஒவ்வொன்றாகச் சொன்னார். அவர் கேட்கக் கேட்க, ஊசி எப்படிப் போடுவது, எந்தச் செருப்பு வாங்குவது என்று மிஸ் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தார். அத்தனையும் என் கொப்பியில் இருந்தவைதான்.

முதலாளியிடம் நான்தான் போனேன். “செருப்புப் போட்டாத்தான் அவரு வருவாரு. இல்லன்னா ரெண்டு பேரும் வரமாட்டோம்.” பில் போடவும் ஆள் இல்லாமல், ஆறு மொழி பேசவும் ஆள் இல்லாமல் அவர் என்ன செய்வார்? முனகிக்கொண்டே சம்மதித்தார்.

இப்போது வியாழக்கிழமைகளில் தைல டொக்டர் வகுப்பில் முன் வாங்கில் இருக்கிறார், மிஸ்ஸுக்கே பாடம் எடுக்கிறார் என்று பலசரக்குக் கடை நானா சொல்லிச் சிரிக்கிறார். தைல டொக்டருக்குக் குனிந்து பாதத்தைப் பார்க்க வயிறு விடுவதில்லை. அதனால் தினமும் காலையில், தோட்டம் திறக்கும் முன், காலைத் தூக்கி என் மடியில் வைக்கிறார். நான் விரலிடுக்கு ஒவ்வொன்றையும் விரித்துப் பார்க்கிறேன். “கூசுதுடா,” என்று கத்துகிறார். கூசினால் நல்லது என்று சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள், அதனால் இன்னொரு தடவை பார்க்கிறேன்.

இந்தப் படிப்புக்கு எங்கள் இரண்டு பேருக்கும் சேர்த்து ஆன செலவு, ஒரு சுண்டுவிரல்.