சூசை கட்சி அக்கா

பழவேற்காடு ஏரியைச் சுற்றி எத்தனையோ பொறாமைக்காரர்களைப் பார்த்திருக்கிறேன். அடுத்தவன் படகைப் பார்த்து வயிறெரிந்தவர்கள் உண்டு, அடுத்த வீட்டு மாப்பிள்ளையைப் பார்த்து வயிறெரிந்தவர்களும் உண்டு. ஒரு புனிதருக்காக மற்ற புனிதர்கள்மேல் பொறாமைப்பட்டவள் உலகத்திலேயே எங்கள் சூசை கட்சி அக்கா ஒருத்திதான்.

அவளுடைய ஞானஸ்நானப் பெயர் எனக்கு இன்றுவரை தெரியாது. ஏரிச் சேற்றைக் கையால் துழாவி இறாலும் நண்டும் பிடிப்பது அவள் பிழைப்பு. மாதாவின் கணவர் சூசையப்பருக்காகச் சண்டை போடுவது அவள் வாழ்க்கை. எங்கள் கோயிலில் மாதாவுக்குப் பட்டுப்புடவை, நடு பீடம். அந்தோணியாருக்குச் சன்னலோரம், முன்னால் மெழுகுவர்த்திக் காடு. சூசையப்பருக்கு ஸ்விட்ச் போர்டு மூலை. ஃபேன் போட வருகிறவர்கள் அவர் தோளைப் பிடித்துக்கொண்டு எட்டுவார்கள். அக்காவால் அதைத் தாங்க முடியவில்லை.

அந்தோணியாருக்கு உகந்த செவ்வாய்க்கிழமைகளில் கூட்டம் கலைந்ததும் அவர் முன்னால் எரிகிற மெழுகுவர்த்திகளில் பாதியைப் பிடுங்கிக் கொண்டுபோய்ச் சூசையப்பர் முன்னால் நடுவாள். கோயிலைக் கவனித்துக்கொள்ளும் உபதேசியார் ஒருநாள் கையும் களவுமாகப் பிடித்துவிட்டார்.

"இன்னாம்மா பண்ற?"

"அந்தோணியாருக்கு ஒரே புழுக்கமா கீது. கொஞ்சம் காத்து வரட்டும்னு எடுத்தேன்."

கோடை வந்தால் அவள் வயிற்றெரிச்சல் உச்சத்துக்குப் போகும். மே மாதம் முழுக்க மாதா வணக்கம். ஜூன் பிறந்தால் அந்தோணியாருக்குக் கொடியும் தேரும். "சூசையப்பருக்குத்தான் மார்ச் மாசமே இருக்கே அக்கா" என்று ஒருமுறை சமாதானம் சொல்லப் போனேன். இளையோர் குழுவில் கோடை நிகழ்ச்சிகளுக்கு ஓடுகிற வேலை அப்போது என் தலையில் இருந்தது.

"எந்த மார்ச்சு? தவக்காலத்துல வர்ற மார்ச்சா? மேளம் கெடையாது, கறி கெடையாது, அல்லாரும் மூஞ்சியத் தொங்கப் போட்டுக்கினு கீறாங்கோ. புள்ளைங்களுக்குப் பரீட்ச வேற. அத நீயே வச்சிக்கோ!"

அந்தக் கோடையில் பாட்டுப் பயிற்சிக்கு வந்த ஒரு பெண், கரையில் விளையாடும்போது வெள்ளிக் கொலுசைத் தண்ணீரில் தொலைத்துவிட்டாள். தொலைந்த பொருள் என்றால் அந்தோணியார்தான். பிள்ளைகள் எல்லாரும் அவர் முன்னால் முட்டி போட்டார்கள். அக்கா கோயிலுக்குள் எட்டிப் பார்த்தாள். சேலையை வரிந்து கட்டிக்கொண்டு ஏரிக்குள் இறங்கினாள். பிள்ளைகள் செபத்தை முடித்துவிடப் போகிறார்களே என்ற பதற்றத்தில் மூச்சு வாங்க வாங்கத் துழாவினாள். கடைசியில் சேறும் கொலுசுமாக ஓடி வந்து, அதைச் சூசையப்பர் காலடியில் வைத்துவிட்டுத்தான் மூச்சே விட்டாள்.

"யார் கண்டுபுடிச்சிக் குட்த்தது? நல்லாப் பாத்துக்கோங்க. அப்பால பேர மாத்திச் சொல்லக் கூடாது."

மே மாதத்தில் மாதா சுரூபம் தினம் ஒரு வீட்டுக்குப் போகும். சாயங்காலம் அங்கே செபமாலை சொல்வோம். அக்கா வீட்டுக்கு வந்த மாதா மறுநாள் கிளம்பும்போது, பக்கத்தில் ஒரு சின்னச் சூசையப்பரும் நின்றார்.

"இது இன்னா அக்கா?"

"கட்ன புருசன வுட்டுட்டு வூடு வூடா தனியாப் போவுமா ஒரு பொம்பள? கூடவே இட்டுக்கினு போ."

அந்த மாதம் முழுக்க, ஊர் பார்க்க வந்த தம்பதி மாதிரி இருவரும் சேர்ந்தே சுற்றினார்கள்.

மாதக் கடைசியில்தான் வினை வந்தது. எங்கள் பங்குச் சாமியார் இளைஞர், ஆசை அதிகம். ஏரியில் படகுப் பவனி என்று அறிவித்தார். மாதாவுக்குப் பெரிய மோட்டார் படகு, அந்தோணியாருக்கு இன்னொன்று. பூசை முடிந்ததும் அக்கா அவர் முன்னால் போய் நின்றாள்.

"எங்க ஆளுக்கு எந்த போட்டு சாமி?"

"அடுத்த வருஷம் பார்க்கலாம்மா."

அக்கா கத்தவில்லை. அதுதான் எங்களைப் பயமுறுத்தியது.

பவனி நாளன்று மாதா படகில் மைக் செட், ஜெனரேட்டர், பாடகர் குழு எல்லாம் ஏறின. மாதாவை ஒட்டி நின்றால் ஆசி கூடும் என்று பாதி ஊரும் ஏறியது. அந்தோணியார் படகிலும் அப்படித்தான். சற்றுப் பின்னால், மோட்டார் இல்லாத ஒரு சின்னப் படகு வந்தது. நடுவில் காகிதப்பூ மாலையோடு சூசையப்பர், காவலுக்கு அக்கா. கழி ஊன்றித் தள்ளிக்கொண்டு வந்தவர் அவள் வீட்டுக்காரர். சூசையப்பரைப் போலவே அவரும் தச்சர், உடைந்த படகுகளுக்குப் பலகை வைத்துக் கொடுக்கிறவர். அவர் பேசி நான் கேட்டதே இல்லை.

கோடையில் ஏரி வற்றிக் கிடக்கும். பாரம் தாங்காமல் மாதா படகு நடு ஏரியில் தரை தட்டி உட்கார்ந்தது. பார்க்க வந்த அந்தோணியாரும் பக்கத்திலேயே உட்கார்ந்தார். அழுத்த அழுத்த மோட்டார் சேற்றை வாரி எங்கள்மேல் இறைத்தது. அப்போது சின்னப் படகு மெல்ல அருகில் வந்து நின்றது.

"இன்னா சாமி, எடம் வோணுமா?"

சாமியார் தலையசைத்தார். மாதாவும் அந்தோணியாரும் சாமியாரும் மைக்கும் அந்தப் படகுக்கு மாறினார்கள். எங்களையெல்லாம் இறங்கி நடக்கச் சொல்லிவிட்டாள். முட்டியளவு தண்ணீரில் பாடிக்கொண்டே நடந்தோம். அக்கா முன்னால் நின்று, கட்சி ஜெயித்த தலைவி மாதிரி இரண்டு பக்கமும் கும்பிட்டுக்கொண்டே வந்தாள்.

கரையேறியதும் சாமியார் நன்றி சொன்னார். மாதாவுக்கும் அந்தோணியாருக்கும் சொன்னார். குரலை உயர்த்திச் சூசையப்பருக்கும் சொன்னார். பிறகு மைக் செட்டுக்காரருக்கும், மோர் ஊற்றியவர்களுக்கும். அக்கா நேராகப் போய் மைக்கைப் பிடுங்கினாள்.

"போட்டத் தள்ளிக்கினு வந்த ஆளு பேர யாருமே சொல்லல. பைபிளு முச்சூடும் தேடுங்கோ, சூசையப்பரு ஒரு வார்த்த பேசிக்கீறாரா? எங்கூட்டுக்காரரும் அப்டித்தான். பேசாத ஆளுன்னா கண்ணுக்குக்கூடவா தெரியாது? இந்த ஊர்ல பாதி போட்டு அவரு கை பட்டு மெதக்குது."

மைக்கைச் சாமியார் கையிலேயே திணித்தாள். யாரோ கை தட்ட ஆரம்பித்தார்கள். கரையே தட்டியது. அவள் வீட்டுக்காரர் வியர்வையில் நனைந்து, தலையைக் குனிந்து, ஈரத் துண்டை முறுக்கிக்கொண்டே நின்றார். பிறகு நிமிர்ந்து சிரித்தார். அப்படி ஓர் அழகான சிரிப்பு அந்த முகத்துக்குள் இருக்கும் என்று நான் நினைக்கவே இல்லை. வாயைப் பிளந்து பார்த்துவிட்டேன் போலிருக்கிறது. காதருகில் சூடாக அக்காவின் குரல்:

"இன்னாடி அங்கியே பாக்கற? போயி வேலயப் பாரு!"

எனக்கு வேலை கிடைத்துச் சென்னைக்கு வந்து சில வருடங்கள் ஆகின்றன. இந்தக் கோடைக்கும் ஊருக்குப் போயிருந்தேன். என்னைத் தெருமுனையில் பார்த்ததுமே அக்கா தன் வீட்டுக்காரரை உள்ளே போகச் சொல்லிவிட்டாள். அவர் உள்ளே போனதை உறுதி செய்துகொண்ட பிறகு, எனக்கென்று பொறுக்கி வைத்திருந்த பெரிய நண்டுகளைக் கூடையோடு கொண்டுவந்து கொடுத்தாள். "இளச்சிட்டியே" என்றாள்.