மாப்பிள்ளை அறைக்குக் காற்று வேண்டி

விஞ்ஞானம் படிப்பிக்கும் ஒருவனிடம் உளியையும் சுத்தியலையும் ஒன்றாகக் கொடுக்கக் கூடாது. ஏதாவது ஒன்றைக் கொடுக்கலாம். இரண்டையும் கொடுத்தால் அவன் யோசிக்கத் தொடங்கிவிடுவான். நான் யோசித்து ஒன்பது வருடமாகிறது. இன்றைக்கும் யாராவது பார்சல் ஒட்டும் டேப்பைப் பர்ரென்று இழுத்தால் எனக்கு உள்ளங்கை வியர்க்கிறது.

எங்களில் கலியாணம் முடிந்து பெண் புகுந்த வீடு போவதில்லை. மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். ஆகவே பெண்ணைப் பெற்றவன் ஓர் அறையைக் கட்டில், அலுமாரி, திரைச்சீலையோடு ஆயத்தம் பண்ணி வைக்க வேண்டும். கலியாணத்துக்கு இரண்டு மூன்று நாள் முன்னால் மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் வந்து அறையைப் பார்ப்பார்கள். (அறையைப் பார்ப்பதாகத்தான் பேச்சு. பார்ப்பது எங்களை.)

எங்கள் வீடு மதுரங்குளிக்குப் பக்கத்தில். சண்டைக் காலத்தில் மன்னாரிலிருந்து துரத்தப்பட்டு ஒரு பெட்டியோடு வந்து, ஓலைக் கொட்டிலில் இருந்து, பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டிய வீடு. அந்த நாளில் கொழும்பில் ஏதோ பங்களாவை உடைத்தபோது கழற்றிய கண்ணாடிக் கற்களை ஒரு லொறிக்காரர் கொண்டுவந்தார். செங்கல்லைப் போல அடுக்கிக் கட்டுகிற, தடித்த, உள்ளே வெறுமையான கண்ணாடிக் கற்கள். ஒழுங்கைப் பக்கச் சுவரில் யன்னலுக்குப் பதிலாக இருபதைப் பதித்தோம். வெளிச்சம் வரும். ஒழுங்கையால் போகிறவர்களின் கண் வராது. காற்றும் வராது என்பதை யாரும் யோசிக்கவில்லை.

யோசித்தவர் என் சம்பந்தி, மாப்பிள்ளையின் உம்மா. மகள் ரிஸ்னாவுக்குப் பேச்சு முற்றாகிய அன்று கற்பிட்டியிலிருந்து வந்தவர், அந்த அறையில் நின்று முந்தானையால் விசிறிக்கொண்டு சொன்னார்:

"வெளிச்சத்துக்குக் குறையில்ல சேர். காத்துத்தான் காணல்ல. என்ட மகன் கடக்காத்தில படுத்து வளந்தவன்."

மிக மரியாதையாகத்தான் சொன்னார். அதனால்தான் எனக்கு மூன்று இரவு தூக்கம் வரவில்லை.

இரண்டு கதவு வைத்த தேக்கு யன்னல் ஒன்றைத் தச்சரிடம் செய்வித்தேன். கண்ணாடிக் கற்களைக் கழற்றி அதைப் பூட்டுவதற்கு, சுவர் வேலை செய்கிற மேசன் பாஸைப் பிடித்தேன். சண்டை முடிந்து மன்னாரில் எல்லோரும் திரும்ப வீடு கட்டிக்கொண்டிருந்த காலம் அது. பாஸ் "நாளைக்கு" என்றார், மறுநாள் மன்னாருக்கு பஸ் ஏறிவிட்டார். கலியாணம் ஞாயிற்றுக்கிழமை. அறை பார்க்க வருவது வியாழன் அஸர் தொழுகைக்குப் பிறகு, நாலு மணிக்கு. புதன் மாலை வரை என் கையில் இருந்தது ஒரு யன்னலும், அது போக வேண்டிய இடத்தில் இருபது கண்ணாடிக் கல்லும்.

இந்த இடத்தில் ஓர் உண்மையைச் சொல்லியாக வேண்டும். மாப்பிள்ளை பர்ஹான் ஆறு வருடம் கட்டாரில் செய்த வேலை, புதுக் கட்டடங்களுக்கு யன்னல் பூட்டுவது.

"வாப்பா, அவர் வந்து செஞ்சு தாராராம்" என்றாள் ரிஸ்னா.

"அவர் சொன்னது உனக்கு எப்பிடித் தெரியும்?"

மகள் கூரையைப் பார்த்தாள். கலியாணத்துக்கு முன் இருவரும் ஃபோனில் கதைப்பது எனக்குத் தெரியாது என்பது வீட்டில் எல்லோரும் சேர்ந்து காப்பாற்றிய ஒரு கதை.

"மாப்பிள்ளைக்கு அறை குடுக்கிறது வழக்கம். உளி குடுக்கிறது வழக்கமில்ல. நாளைக்கு ஊர் என்ன கதைக்கும்? வாத்தியார் மருமகனக் கூலிக்குப் பிடிச்சாரெண்டு கதைக்காதா?"

வியாழன் காலை நானே இறங்கினேன். என் பயம் பெரிய பயம். பட்டாசுக்கே காதைப் பொத்துகிறவன். ஆய்வுகூடத்துப் பாதுகாப்புக் கண்ணாடி, மோட்டார் சைக்கிள் ஹெல்மெட், தோல் கையுறை, இடுப்பில் கட்டிய சாரத்துக்கு மேல் மழைக்கோட்டு. மனைவி பார்த்துவிட்டு, "ரிஸ்னாட வாப்பா, யன்னல் கழட்டவா போறீங்க, சந்திரனுக்கா?" என்றாள்.

கண்ணாடி உடைந்தால் சிதறாமல் இருக்க டேப் ஒட்ட வேண்டும் என்று எங்கோ வாசித்திருந்தேன். ஒவ்வொரு கல்லுக்கும் தனித்தனியாகக் குறுக்கே ஒட்டினால் போதும். நான் இருபது கல்லையும் சேர்த்து உள்ளேயும் வெளியேயும் ஆறு சுருள் ஒட்டினேன். மேல் வரிசையில் தொடங்கி ஒவ்வொன்றாகக் கழற்ற வேண்டும் என்பதும் எனக்குத் தெரியும். ஆனால் முதல் கல்லைச் சுற்றியிருந்த சீமெந்தை உடைக்கவே முக்கால் மணி நேரம் போனது. அப்போதுதான் யோசித்தேன். நான்கு ஓரத்தையும் வெட்டிவிட்டால் முழுவதும் ஒரே பலகையாக உள்பக்கம் சாயுமே? கீழே ஒரு பழைய மெத்தையைப் போட்டேன்.

ரிஸ்னாவை ஒழுங்கையில் நிறுத்தினேன். உளி மறுபக்கம் தெரிந்தால் சொல்வதும், யாரும் வந்தால் மறிப்பதும் அவள் வேலை.

உள்ளே நின்று அடித்தால் ஒவ்வொரு அடியும் வெளிப்பக்கம்தான் தள்ளும். இதை ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு விசை என்ற பாடத்தில் இருபது வருடம் படிப்பித்திருக்கிறேன்.

மூன்று ஓரம் முடிந்தது. "தெரியுதா மகள்?" என்று கேட்டேன். பதில் இல்லை. முந்தின நாள் ஏசியதற்குக் கோபம் போல என்று நினைத்து, எனக்கும் கோபம் வந்து, இன்னும் பலமாக அடித்தேன். வரிசைகளுக்கு நடுவே போட்டிருந்த மெல்லிய கம்பியும் என் ஆறு சுருள் டேப்பும் சேர்ந்து இருபது கல்லையும் ஒன்றாகப் பிடித்திருந்தன. அது முழுதாக, மெதுவாக, ஒரு கதவு திறப்பது போல வெளியே சாய்ந்தது.

அந்தச் சத்தத்தை எழுத எனக்கு வராது.

புழுதியில் ஒன்றும் தெரியவில்லை. "மகள்!" என்று கத்தினேன். அந்த ஓட்டையால் வெளியே குதித்தேன். சாரம் கம்பியில் கொழுவி அங்கேயே நின்றுவிட்டது, நான் மழைக்கோட்டோடு போய் விழுந்தேன். கண்ணாடிக் குவியலைக் கையால் பிடித்துப் புரட்டினேன். இருபது கல்லின் பாரம் எவ்வளவென்று என் மூளை அப்போது கணக்குப் பார்த்தது. அது பார்க்காமல் இருந்திருக்கலாம்.

பின்னால் ஓட்டைக்குள்ளிருந்து ஒரு குரல் கேட்டது.

"வாப்பா, யாரத் தேடுறீங்க?"

காதில் ஃபோனோடு ரிஸ்னா நின்றாள். பர்ஹான் அழைத்திருக்கிறார். வாப்பாவுக்குக் கேட்கக் கூடாதென்று வீட்டைச் சுற்றி, சமைக்கிற குசினிக்குள் போய்க் கதைத்துக்கொண்டிருந்திருக்கிறாள். போய் இரண்டு நிமிடம்கூட இருக்காது.

நான் மணலில் உட்கார்ந்து அழுதேன். ஹெல்மெட்டுக்குள் அழுவது மிகவும் சிரமம். மகள் பயந்துபோய்த் தானும் அழ, மனைவி ஓடிவந்து முதலில் சாரத்தை எடுத்துத் தந்தாள். அழுகையெல்லாம் ஃபோனில் மறுபக்கம் போய்க்கொண்டிருந்தது.

"மாமாட்ட குடுங்க" என்று ஃபோனில் கேட்டது. கொடுத்தாள்.

"மாமா, ஆருக்கும் காயமில்லயே?"

"இல்ல."

"அல்ஹம்துலில்லாஹ். ஒண்டையும் தொடாதீங்க. நான் வாறன்."

"வழக்கமில்ல மருமகன்..."

"தொடாதீங்க மாமா."

பத்தரைக்கு ஃபோனை வைத்தார். பகல் லுஹர் தொழுகைக்கு முன்னால் ஒழுங்கையில் மோட்டார் சைக்கிள் நின்றது. மனைவி மகளைக் குசினிக்குள் விட்டுக் கதவைச் சாத்தினாள். (எதைக் காப்பாற்றினாளோ தெரியாது.) பர்ஹான் கண்ணாடியைச் சாக்கில் அள்ளினார். ஓரத்தைக் கொத்தி நேராக்கினார். யன்னலை ஒழுங்கைப் பக்கமிருந்து தூக்கி வைத்து, ஆப்புச் செருகி, மட்டம் பார்த்துச் சீமெந்து வைத்தார். எனக்குக் கிடைத்த ஒரே பாராட்டு, "அளவு மட்டும் சரியா எடுத்திருக்கீங்க மாமா" என்பது.

மூன்று மணிக்கு வெளி வேலை முடிந்தது. உள்பக்கம் பூசுவதுதான் மிச்சம். அவர் கரண்டியோடு முன்வாசலுக்கு வரத் திரும்பவும், முன்வாசலில் வேன் வந்து நிற்கவும் சரியாக இருந்தது. சம்பந்தி ஒரு மணி நேரம் முந்திவிட்டார்.

"மாமா, உம்மா கண்டா முடிஞ்சுது" என்றார் பர்ஹான். "நான் இந்த யன்னலாலயே உள்ளுக்கு வாறன். பத்து நிமிசம் தாங்க."

நான் ஹோலுக்கு ஓடிப் பேச்சுக் கொடுத்தேன். வேன் பயணம், காற்று, உப்பு விலை, இறால் விலை எல்லாம் கேட்டேன். சம்பந்தி என் தலைமுடியில் இருந்த சீமெந்தைப் பார்த்தபடி பதில் சொன்னார். மனைவி கொண்டுவந்த தேத்தண்ணியை இரண்டே மிடறில் முடித்தார். பிறகு எழுந்து, நான் மறிப்பதற்குள் அறைக் கதவைத் திறந்துவிட்டார்.

யன்னலில் ஒரு கால் தொங்கியது. மற்றக் கால் இன்னும் ஒழுங்கையில். நடுவில், ஞாயிற்றுக்கிழமை குதிரையில் ஏறாத குறையாக ஊர்வலம் வர இருந்த மாப்பிள்ளை, கையில் சீமெந்துக் கரண்டியோடு.

கலியாணம் நின்றுவிட்டது என்றே நினைத்தேன். நடந்ததை முழுவதும் சொன்னேன். மகள் நின்ற இடத்தையும் காட்டினேன். சம்பந்தி யன்னலால் எட்டி, சாக்குகளில் கிடந்த கண்ணாடியைப் பார்த்தார். பிறகு மகன் பக்கம் திரும்பினார்.

"உள்ளுக்கு வச்சது வலக்காலா, இடக்காலா?"

பர்ஹான் குனிந்து பார்த்தார். "வலக்கால் உம்மா."

"அப்ப பரவாயில்ல. வந்தது வந்தாச்சு, பூசிட்டு வா."

கட்டிலில் உட்கார்ந்து, கடற்பக்கமிருந்து வந்த காற்றில் கண்ணை மூடி, "இப்பதான் சேர் இது அறை" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை முன்வாசலுக்கு வந்தபோது, நூறு பேருக்கு நடுவில் சம்பந்தி அவர் காதில், எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்: "இண்டைக்கு மட்டும் வாசலால போ மகன்."

அந்த வாரத்திலிருந்து யாருடைய ஃபோன் பேச்சிலும் நான் தலையிடுவதில்லை. கதை மட்டும் என்னை விட்டபாடில்லை. போன மாதம் பேத்தியின் பாலர் வகுப்பு ஆசிரியை என்னைக் கூப்பிட்டு ஒரு படத்தைக் காட்டினார். 'என் வாப்பா' என்று கீறச் சொன்னாராம். ஒரு யன்னல், அதில் ஒரு கால், கையில் கரண்டி.

"சேர்," என்று ஆசிரியை குரலைத் தாழ்த்தினார், "வீட்ட கள்ளன் யாரும் வந்தவனா? புள்ள பயந்திருக்கும் போல."

"கள்ளனில்ல டீச்சர்," என்றேன், "மாப்பிள்ளை."