தானாக நகரும் அம்பு

ஆரணியில் பாதிக் கம்ப்யூட்டர்கள் ஒரே ஆளை நம்பித்தான் ஓடின. அந்த ஆளைக் கண்ணால் பார்த்தவர் ஒருவரும் இல்லை.

கடைவீதிக்குப் பின்னால் ஏதோ ஒரு மாடி அறையில் உட்கார்ந்தபடியே பட்டுக்கடை, களம்பூர் அரிசி மில் என்று எல்லார் கம்ப்யூட்டருக்குள்ளும் நுழைந்து பழுது பார்ப்பார். நம் திரையில் அம்புக்குறி தானாக நகர ஆரம்பித்தால் அவர் வந்துவிட்டார் என்று அர்த்தம். அதனால் எங்களுக்கு அவர் ‘அம்பு’.

போனில் குரல் மட்டும் வரும், எழவு விசாரிக்க வந்தவர் மாதிரி. பிரிண்டர் ஓடவில்லை என்றால்கூட, “இன்னாங்க ஆச்சு? நேத்துவரைக்கும் நல்லாத்தானே இருந்துச்சு?” என்பார்.

“ஒரு தபா நேர்ல வந்து பாருங்கண்ணே.”

“வந்தா, ஃபேன் சுத்தலன்னு அதையும் காட்டுவீங்க. அப்புறம் டீ குடுத்து உக்கார வெப்பீங்க. பேஜாருங்க.”

பட்டுக்கடையில் நான் பில் போடுகிறவன். மாடியில் கணக்குப் பார்த்தவர் தனபால் சார். தேவிகாபுரத்திலிருந்து பஸ்ஸில் வந்துபோவார். மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் கம்ப்யூட்டரில் ஒண்டியாகச் சீட்டாடுவார். அம்பு அங்கேயும் நுழைந்துவிடும். இவர் ஒரு சீட்டைத் தொட்டால் அது வேறொன்றை இழுத்துப் போடும்.

“யோவ், என் ஆட்டத்த நான் ஆடிக்கிறேன்யா!”

மாடியில் அடிதடி என்று நினைத்து, புடவை பார்த்துக்கொண்டிருந்தவர்கள் எழுந்து ஓடியதுண்டு. ஆனால் அம்பு வராத நாளில் தனபால் சார் ஆட்டத்தையே திறக்கமாட்டார்.

ஒரு மத்தியானம் கல்யாணப் புடவைக்கு பில் போட்டுக்கொண்டிருந்தேன். திடீரென அம்பு வந்து பில்லை மூடியது. எனக்குக் கோபமான கோபம். வெள்ளைப் பக்கம் ஒன்று திறந்தது. எழுத்துகள் தடுமாறித் தடுமாறி வந்தன:

“மேல ஓடுங்க. ஜல்தி. சார் ஸ்கிரீன்ல ஒரே எழுத்து ஓடிகினே இருக்குது. போன் எடுக்கல.”

ஓடினேன். கீபோர்டின் மேல் முகம் கவிழ்ந்து கிடந்தார் தனபால் சார். ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு போனோம். ஆஸ்பத்திரியில் வேலூருக்குக் கொண்டுபோகச் சொன்னார்கள். வழியிலேயே முடிந்துவிட்டது.

மறுநாள் தேவிகாபுரம். பந்தலுக்கு வெளியே கையில் மாலையோடு ஒல்லியாக ஒருவர் நின்றுகொண்டிருந்தார். காலில் வெயிலே படாத மாதிரி புத்தம்புதுச் செருப்பு.

“நீங்க யாருங்க?” என்று தனபால் சாரின் மகள் கேட்டாள்.

“இல்லைங்க… சாரோட… கம்ப்யூட்டர்ல…”

அந்தக் குரலைக் கேட்டதும் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. கையைப் பிடித்து உள்ளே அழைத்துப் போனேன். மாலையைப் போட்டுவிட்டு நகராமல் நின்றார்.

“தெனம் ஒண்ணாத்தான் ஆடினோம். மூஞ்ச இன்னிக்கிதான் பாக்கறேன்,” என்றார். “வாய்யா வாய்யான்னு கூப்ட்டுகினே இருந்தாரு.”

திரும்பும்போது பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தார். கொஞ்ச தூரம் போனதும், “உங்க கம்ப்யூட்டர் ரொம்ப ஸ்லோங்க. வேணாத படத்தையெல்லாம் அழிச்சிடுங்க,” என்றார். சரியென்றேன். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். தோள் மட்டும் குலுங்கியது. அப்படியே அசந்து தூங்கி என்மேல் சாய்ந்துவிட்டார்.

ஆரணி பஸ் ஸ்டாண்டில் எல்லாரும் இறங்கினார்கள். “வண்டி ஷெட்டுக்குப் போவணும், எறங்குங்க!” என்று கண்டக்டர் கத்தினார்.

நான் உதட்டில் விரலை வைத்தேன்.