திறப்பு விழாவுக்கு முந்தைய கசிவு

ஊரக வசதி மேம்பாட்டு இயக்ககத்தின் இலுப்பூர் அலுவலகத்துக்கு ஒரு கேரவன் வந்து சேர்ந்தது. அரசு ஆணையில் அதன் பெயர் ‘நடமாடும் மக்கள் குறைதீர் இல்லம்’. சென்ற ஆண்டு ஒவ்வோர் அலுவலக வாசலிலும் செல்ஃபி எடுக்க இதய வடிவில் ஒரு வளைவு வைப்பது நாகரிகமாக இருந்தது. இந்த ஆண்டு கேரவன். அதிகாரிகள் கிராமங்களுக்கே போய், அங்கேயே தங்கி, மக்களின் குறைகளைக் கேட்பார்கள். தங்குவதற்கு வண்டிக்குள் மெத்தை, ஏசி, கழிப்பறை எல்லாம் இருந்தன. அந்தக் கிராமங்களில் வீட்டுக்கொரு கழிப்பறை கட்டி முடித்தாகிவிட்டது என்று இதே இயக்ககத்தின் கணக்கு சொல்கிறது. கணக்கை எழுதியவர்களே தங்கப் போகிறவர்கள் என்பதால், வண்டியில் தனியாக ஒன்று அவசியப்பட்டது.

வண்டி, உதவிப் பொறியாளர் அருள்மணியின் பொறுப்பில் விடப்பட்டது. அவருடைய பெயர் பதவி உயர்வுப் பட்டியலில் ஏறுவதும் இறங்குவதுமாகப் பல ஆண்டுகள் கழிந்திருந்தன. அவரோடு வேலைக்குச் சேர்ந்தவர்கள் இப்போது அவர் வணக்கம் சொன்னால் தலையை மட்டும் அசைக்கிற உயரத்துக்குப் போய்விட்டார்கள். இந்த முறை பட்டியலில் கையெழுத்துப் போடப்போகிறவர் ஆணையர் நிலவழகன். வண்டியைத் திறந்துவைக்க வருகிறவரும் அவரே. ஆகவே வண்டியில் ஒரு கீறல்கூட இருக்கக் கூடாது என்று அருள்மணி தீர்மானித்திருந்தார்.

கீறல் இல்லை. கசிவு இருந்தது.

அந்தக் கழிப்பறை ஒரு நூதன ஏற்பாடு. கழிவெல்லாம் இருக்கைக்கு அடியில் ஒரு பெட்டியில் சேரும். வண்டிக்கு வெளியே இருக்கும் சிறு கதவைத் திறந்து, சூட்கேஸை இழுப்பதுபோல அந்தப் பெட்டியை இழுத்துக்கொண்டு போய்க் கொட்டிவிட்டு வர வேண்டும். கழுவிவிடும் தண்ணீருக்குத் தனித் தொட்டி. அதில் வாசனைக்காக ஒரு சிவப்புத் திரவத்தை ஒரு மூடி ஊற்றச் சொன்னது கையேடு. வருகிறவர் ஆணையர் என்பதால் அருள்மணி பாட்டில் முழுவதையும் ஊற்றியிருந்தார். தொட்டியிலிருந்து வரும் குழாயில் ஒரு கிளிப் தளர்ந்து, செக்கச்செவேலென்று தண்ணீர் சொட்டுச் சொட்டாக அந்த வெளிக்கதவு வழியே இறங்கிக்கொண்டிருந்தது. கிளிப்பை உள்ளேயிருந்து ஒரு திருகு திருகினால் நின்றுவிடும்.

அந்தத் திருகை யார் திருகுவது என்பதுதான் கேள்வி.

ஓட்டுநர் மலையாண்டி கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அவர் ஒப்பந்த ஊழியர். நிரந்தரமாகும் வரை எதிலும் கைவைப்பதில்லை என்ற கொள்கை உடையவர்.

“சார், வண்டியில ஓடுற பாகம்னா நான் பாப்பேன். இது ஓடாத பாகம்.”

“தண்ணி ஓடுதேய்யா!”

“அது தண்ணி ஓடுறது சார். வண்டி ஓடுறது வேற.”

அருள்மணி அரசுப் பணிமனைக்கு போன் போட்டார். கழிப்பறை என்றதும் அவர்கள் வைத்துவிட்டார்கள். குடிநீர்ப் பிரிவுக்குப் போட்டார். “மண்ணுல பதிச்ச குழாய்னா ஒடனே வாரோம் சார். இது சக்கரத்து மேல நிக்கிது. நாங்க வர்றதுக்குள்ள அது எங்கிட்டாச்சும் போயிருச்சுன்னா?” என்றார்கள். நியாயமாகத்தான் பட்டது.

கடைசியில் அருள்மணி தானே ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக்கொண்டு வண்டிக்குள் ஏறினார். கழிப்பறைக் கதவின் குறுக்கே சிவப்பு ரிப்பன் கட்டியிருந்தது. வண்டிக்கு ஒரு ரிப்பன், கழிப்பறைக்குத் தனியே ஒரு ரிப்பன் என்று கட்டினால் ஆண்டறிக்கையில் இரண்டு திட்டங்களாகக் காட்டலாம் என்பது கண்காணிப்பாளர் அமுதவல்லியின் யோசனை.

“சார்! என்ன பண்றீங்க?” என்று கீழேயிருந்து அமுதவல்லி அலறினார்.

“கசியுது மேடம். உள்ள போய் ஒரு திருகு…”

“ரிப்பனைத் தாண்டி உள்ள போனா நீங்களே திறந்துவச்ச மாதிரி ஆயிராதா? ஆணையர் வந்து எதைத் திறப்பாரு? அதுவும் போக, திறக்காத கழிப்பறை இன்னும் நம்ம உபயோகத்துக்கே வரல. உபயோகத்துக்கு வராததுல பழுதுன்னு எப்படிங்க எழுதுவீங்க?”

“அப்ப இந்தக் கசிவு?”

“திறந்ததுக்கு அப்புறம் கசியட்டும் சார். முறைப்படி பாத்துக்கலாம்.”

அருள்மணி இறங்கிவிட்டார். ஆனால் கீழே தரை சிவந்துகொண்டிருந்தது. ஒரு வாளியை வைக்கப் போனார். வாளி வைத்தால் கசிவு என்று சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரிந்துவிடும். அலுவலக ஆயுத பூஜைச் சாமான்களில் ஒரு பித்தளைத் தாம்பாளம் இருந்தது. அதை வைத்தார். பார்ப்பவர்கள் அலங்காரம் என்று நினைத்துக்கொள்வார்கள். அவர் பணிக்காலத்தில் எடுத்த சொந்த முடிவு அது ஒன்றுதான்.

மறுநாள் காலை ஆணையரின் கார் வாசலில் திரும்பியபோது, வரவேற்புக்கு வந்திருந்த மகளிர் குழுவில் சிறு கலவரம். ஆரத்தி கரைக்க மறந்துவிட்டார்கள். குழுத் தலைவி காத்தாயி சுற்றுமுற்றும் பார்த்தார். வண்டியோரமாகப் பித்தளைத் தாம்பாளம். அதில் நிறையச் சிவப்புத் தண்ணீர்.

“ஏய், இந்தா இருக்கு! ஆபீஸுலயே கரைச்சு வச்சிருக்காக. வெத்தலைய எடு, சூடத்தை வையி!”

அருள்மணி கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஓடிவருவதற்குள் தாம்பாளம் ஆணையரின் முகத்துக்கு முன்னால் மூன்று சுற்றுச் சுற்றிவிட்டது. காத்தாயி விரலை முக்கி அவர் நெற்றியில் அழுந்த ஒரு பொட்டு வைத்தார். ஆணையர் கண்ணை மூடி மூச்சை இழுத்தார்.

“என்ன ஒரு வாசனை! இங்க மட்டும்தான் இன்னும் பண்பாடு இருக்கு. எல்லாருக்கும் வைங்கம்மா.”

அமுதவல்லிக்கு வைத்தார்கள். மலையாண்டிக்கு வைத்தார்கள். அருள்மணியிடம் வந்தபோது அவர் சட்டென்று இரண்டடி பின்வாங்கி, “எனக்கு வேணாங்க” என்றார். ஆணையர் கண்ணைத் திறந்து அவரை ஒருமுறை பார்த்தார்.

அடுத்த வாரம் ஆணையர் செயலாளரானார். அமுதவல்லி மேலாளரானார். மலையாண்டியின் வேலை நிரந்தரமானது. எல்லாம் எப்போதோ நகர ஆரம்பித்து அந்த வாரம் வந்து சேர்ந்த கோப்புகள். அருள்மணியின் பெயர் மட்டும் பட்டியலிலிருந்து இறங்கியது. கூடவே ஒரு குறிப்பாணை: ‘அரசு விழாவின் மங்கல நிகழ்வில் தன் நெற்றியை உள்நோக்கத்துடன் விலக்கிக்கொண்டது ஏன் என்பதற்கு விளக்கம் அளிக்கவும்.’

சேதி ஊருக்குள் பரவ ஒரு டீக்கடை போதும். குளத்தூரிலிருந்தும் அரிமளத்திலிருந்தும் ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். வேலைக்குப் பரீட்சை எழுதுகிறவர்கள், இடமாறுதல் கேட்பவர்கள், பென்ஷன் வராதவர்கள். கிளம்பாமல் நின்ற வண்டியின் கசிவுக்கு அடியில் மறுபடி வைத்த தாம்பாளத்துக்குப் பக்கத்தில் காத்தாயி ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துவிட்டார். திருச்சியிலிருந்து முறைப்படி அனுமதி பெற்று ஒரு பிளம்பர் வந்தார். கசிவை அடைத்தால் சாலை மறியல் என்றது கூட்டம். சட்டம் ஒழுங்கைக் கருதி அமுதவல்லி அவரைத் திருப்பி அனுப்பிவிட்டு, சிவப்புத் திரவத்துக்கு டெண்டர் விட்டார்.

அருள்மணிக்குப் பொறுக்கவில்லை. குறிப்பாணையைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வரிசைக்கு முன்னால் போய் நின்று கத்தினார்.

“எல்லாரும் கேளுங்க! இது ஆரத்தி இல்ல. கக்கூஸுக்குப் போற தண்ணி!”

ஒருவரும் அசையவில்லை. கையில் பொது அறிவுப் புத்தகத்தோடு நின்ற சுடர்விழி என்ற பெண்தான் பதில் சொன்னாள்.

“தெரியும் சார்.”

“தெரியுமா? தெரிஞ்சுமா நிக்கிறீங்க?”

“படிச்சுப் பாத்தாச்சு, பாஸ் பண்ணியும் பாத்தாச்சு, மனுக் குடுத்தும் பாத்தாச்சு. நடந்தது இது ஒண்ணுதான் சார். கக்கூஸ் தண்ணின்னா என்ன, கவர்மெண்டு கக்கூஸுதானே?”

“நீங்க மட்டும் அன்னிக்கு வச்சிருந்தா இந்நேரம் மேல போயிருப்பீக,” என்றார் காத்தாயி, விரலை முக்கியபடியே. அவர் குரலில் உண்மையான இரக்கம் இருந்தது.

அருள்மணி குறிப்பாணையை எடுத்து இன்னொரு தரம் படித்தார். அதை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். மெல்ல நடந்து வரிசையின் கடைசியில் போய் நின்றுகொண்டார். கொஞ்ச நேரம் கழித்து, தான் ஓர் அதிகாரி என்றும் அவசர வேலை இருக்கிறது என்றும் சொல்லி, முன்னால் விடும்படி கேட்டுப் பார்த்தார். அவருக்கு முன்னால் நின்றவர்களில் பாதிப் பேர் திரும்பி, தாங்களும் அதையேதான் காலையிலிருந்து சொல்லிக்கொண்டிருப்பதாகச் சொன்னார்கள்.